சிரட்டைக் கண்

பாலவனத்தத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காசிராஜன் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டின் முகப்பில் அந்தத் திருஷ்டி பொம்மை ஏறி மூன்றாம் நாள், அதைச் செய்த காளிராஜுக்கு ஆள் வந்தது. பொம்மையை இறக்கிவிட வேண்டுமாம்.

அருப்புக்கோட்டையில் கடைப் பலகை எழுதுகிறவன் காளிராஜ். எழுத்து அளவு, வண்ணம் எல்லாம் கடைக்காரர்கள் சொல்படிதான். இந்த பொம்மைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. "அசிங்கமா ஒண்ணு செஞ்சு குடு" என்றார் காசிராஜன், அவ்வளவுதான். பதினைந்து நாள், அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து செய்தான்.

ஓலைக்கூடை மீது பழைய பேப்பரைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி முகம். உடைந்த பீங்கான் கோப்பைகளில் பல்வரிசை. கடைக்கு வருகிறவரை வரவேற்பது போல ஒரு பணிவான சிரிப்பு. அந்தப் பல்லோடு சேர்த்துப் பார்த்தால் பிள்ளைகள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளியும். நாக்கு மண்ணெண்ணெய்த் தகரம். அதன் பின்முனையில் ஒரு பனையோலைத் துண்டு. காற்று ஓலையைத் தள்ளினால் நாக்கு வெளியே வரும். காற்று நின்றால், கட்டியிருக்கும் இரும்பு நட்டின் கனம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கண்தான் அதிசயம். எல்லோரும் கண்ணைப் புடைப்பாகச் செய்வார்கள். காளிராஜ் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் குழிவுப் பக்கம் வெளியே தெரியப் பதித்து, குழியின் அடியில் கருவிழி எழுதினான். நாம் இடப்பக்கம் நகர்ந்தால், ஆழத்தில் இருக்கும் கருவிழியும் குழிக்குள் இடப்பக்கம் ஒதுங்கியது போலத் தெரியும். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். ஆக, எங்கே போனாலும் பொம்மை நம்மையே பார்க்கும்.

காளிராஜ் போய்ச் சேர்ந்தபோது வாசலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். விருதுநகர் பஸ்ஸே வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடுதலாக நின்று கிளம்பியது.

"பாத்தியாலே கூட்டத்த?" காசிராஜன் பொரிந்தார். "கண்ணு படக்கூடாதுன்னு பொம்மை வச்சா, ஊர்க்கண்ணு மொத்தத்தையும் கூட்டியாந்து விட்டுட்டியே! நாளைக்கிக் கான்கிரீட்டுப் போடணும். ஏணிய வச்சு இறக்கு. உடைச்சுக் கண்மாயில போட்டுருவோம்."

"அண்ணாச்சி, அசிங்கமாத்தானே செஞ்சிருக்கேன்?"

"அசிங்கந்தான். ஆனா நல்லாருக்கேய்யா! அதான் வம்பு."

காளிராஜ் முதல்முறையாகத் தன் மனம்போலச் செய்த ஒன்று, மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான்.

"கொஞ்சம் பொறு தம்பி." காசிராஜனின் மனைவி கஸ்தூரி உள்ளேயிருந்து வந்தாள். நேரே கூட்டத்துக்குப் போய், கையில் களைக்கொத்தியோடு அண்ணாந்து நின்ற பொன்னுத்தாயைத் தோளில் தட்டினாள். பொன்னுத்தாய் களையெடுக்கப் போகிறவள்.

"ஏத்தா, எம்புட்டு நேரமா நிக்கிற?"

"வெயிலு ஏறுமுன்ன வந்தேங்க்கா. இந்தா பாருங்க, இப்பிடிப் போனா இப்பிடிப் பாக்கான், களவாணிப்பய!"

"பொம்மையப் பாக்காம எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. வீட்டுக்கு வாசத்தூணு எத்தன?"

பொன்னுத்தாய் முழித்தாள். "தூணு இருக்கா?"

பக்கத்தில் நின்ற பால்பாண்டி, தெரிந்தவன் போல, "ரெண்டுக்கா" என்றான். நான்கு தூண்கள் இருந்தன. மாடிக்கு எத்தனை சன்னல் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள், ஒன்றும் சரியில்லை. வீட்டின் மேல் ஒரு கண்ணும் விழவே இல்லை. எல்லாக் கண்ணையும் அந்தச் சிரட்டைகள் வாங்கிக்கொண்டிருந்தன.

காசிராஜன் ஏணியைத் தாமே எடுத்துத் தரையில் கிடத்தினார். "இருந்துட்டுப் போகட்டும்."

காளிராஜ் நன்றியோடு கஸ்தூரியைப் பார்த்தான். அவள் முகம் வாடியிருந்தது.

"மதுரைக்கு நாலு நடை போயி எடுத்த சன்னல் கம்பி. ஒருத்தரும் பாக்கலயே. நீ பதினஞ்சு நாளு இங்கதான கெடந்த, சொல்லு. கம்பியில என்ன இருக்கு? மயிலா, அன்னமா?"

காளிராஜ் தலையைச் சொறிந்தான். "அன்னமாக்கா?"

"கொடியும் பூவும்!" என்றாள் கஸ்தூரி. "வீடு குடிபோற அன்னைக்கிக் காலையில மொத வேலையா இவன நீயே வந்து இறக்கிப்புடணும். அப்பறம் ஊரு என் சன்னலப் பாக்கட்டும். கண்ணு பட்டாலும் சரிதான்."