நடராஜா சர்வீஸ்

உள்ளே போன ஆறாவது நிமிடத்தில் தம்பி செத்துப்போனான். வழக்கமாக அவன் செத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்று வருடமாக நால்வரும் சேர்ந்து ஆடிவரும் அதிரடி விளையாட்டில் செத்தவன் ஐந்து வினாடியில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து திட்டுவதைத் தொடர்வான். இது வேறு விளையாட்டு. சுடப்பட்டதும் ஹெட்செட்டில் அவன் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. சற்று நேரத்தில் அக்காவின் கைபேசியில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘செத்துட்டேன். முடியிற வரைக்கும் உக்காந்து பாக்கலாமாம். எப்ப முடியும்?’ அவள் பதில் போடவில்லை. அவளும் மற்ற இருவரும் அப்போது புல்லில் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், தத்தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. நால்வர் அணிகளுக்கு இரண்டு பிரிவுகள். ஒன்று அவர்களுக்குப் பழகிப்போன அதிரடி ஆட்டம். இன்னொன்று நிஜப் போர் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கும் ராணுவ ஆட்டம். ஓர் அணி ஒன்றில்தான் சேரலாம், பெயர் கொடுக்க அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணி கடைசி. அதிரடி ஆட்டத்தில் சுவரேறிக் குதிக்கலாம், காற்றிலேயே திரும்பிச் சுடலாம், ஒருவனை வீழ்த்தினால் திரை முழுக்கத் தங்க நிறத்தில் எண்கள் தெறிக்கும். ராணுவ ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் நடக்க வேண்டும். சுமை கூடினால் மூச்சு வாங்கும். வரைபடம் உண்டு, ஆனால் அதில் நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டும் புள்ளி கிடையாது. எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே அவன் குண்டு வந்துவிடும், சத்தம் பிறகுதான் வரும். தம்பி அதற்கு நடராஜா சர்வீஸ் என்று பெயர் வைத்திருந்தான். “வாரம் ஆறு நாள் நின்னுக்கிட்டே வேல பாக்குறேன். ஏழாவது நாளு கம்ப்யூட்டர்லயும் நடக்கணுமா?” என்பது அவன் கட்சி.

அவன் முடி வெட்டுபவன். கத்தரி பிடித்த விரல்கள் விசைப்பலகையிலும் அப்படியே பறக்கும். அணியே அவன் கையை நம்பித்தான் இருந்தது. மற்ற இருவரில், கணக்கு டீச்சருக்குக் குறி பார்க்கத் தெரியும், ஆனால் குறி பார்த்து முடிப்பதற்குள் எதிரி இடத்தைக் காலி செய்திருப்பான். லிஃப்ட் பழுது பார்ப்பவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள், ஐம்பது தாண்டிவிட்டது. நிதானமான மனிதர், குண்டு வீசுவதற்கு முன்பு “வீசலாங்களா?” என்று கேட்பவர். அக்கா இந்த மூன்று வருடமும் ஆடியதற்குக் காரணமே தம்பிதான். அவன் வேறு ஊருக்குப் போன பிறகு சனிக்கிழமைகளில் அவனோடு பேசுவதற்கு அந்த வழி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே “அப்புறம்?” என்பான். சண்டைக்கு நடுவில் மட்டும்தான் மனம் விட்டுப் பேசுவான்.

அதோடு இன்னொரு காரணமும் இருந்தது, அவள் யாரிடமும் சொல்லாதது. அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எட்டு மணி நேரமும் காதில் யாராவது கதறிக்கொண்டே இருப்பார்கள். இடத்தைக் கேட்டு வாங்கி, வண்டியை அனுப்பி, வண்டி போய்ச் சேரும் வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும். வண்டி வந்துவிட்டது என்றதும் இணைப்பு போய்விடும், அடுத்த அழைப்பு வரும். ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அதனால்தான் அந்த ஐந்து வினாடி அவளுக்குப் பிடித்திருந்தது. விழுந்தவன் கண் முன்னாலேயே எழுந்து வரும் உலகத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருப்பது ஒரு சுகம்.

இந்த ராணுவ ஆட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டீச்சர்தான் கெஞ்சினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடிந்த பண்ணை வீட்டில் கால் முறிந்து கிடக்கும் ஒரு விமானியை, இருட்டுவதற்குள் ஹெலிகாப்டர் வந்து இறங்கும் மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தம்பி பழக்க தோஷத்தில் முன்னால் ஓடினான். ஆறு நிமிடம்.

“இப்ப என்னம்மா பண்றது?” என்று ரேடியோவில் அண்ணன் கிசுகிசுத்தார். யாரைக் கேட்கிறார் என்று அக்காவுக்கு உடனே புரியவில்லை. மூன்று வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. “தம்பிய சுட்டவன் அந்தப் பாற மேல இருக்கான். நாம இந்தப் பள்ளத்தோடவே போயிடலாம். டீச்சர், நீங்க அடிய எண்ணிக்கிட்டே வாங்க. வரைபடத்துல எங்க இருக்கோம்னு நீங்கதான் சொல்லணும்.” டீச்சர் எண்ண ஆரம்பித்தார். முந்நூற்று இருபதாவது அடியில் பாலம் இருக்க வேண்டும் என்றார். முந்நூற்று முப்பதில் இருந்தது. பாலத்தைக் கண்ட சந்தோஷத்தில் அக்கா நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எவனையும் சுடவில்லை, ஒரு தங்க எண்ணும் தெறிக்கவில்லை, ஆனால் இதயம் திம்திம்மென்று அடித்தது.

ஆற்றைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. எங்கிருந்தோ சரமாரியாகச் சுட்டார்கள். மூவரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். டீச்சரின் குரலும் பாதியில் அறுந்தது. பிறகு அமைதி. அந்த அமைதியில் அண்ணன் மட்டும் மூச்சிரைக்கப் பேசினார். “தங்கச்சி, நான் எங்க இருக்கேன்னே தெரியல. கால்ல பட்டுடுச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. திரையெல்லாம் மங்கலாகுது.”

“பதறாதீங்க. பேசிட்டே இருங்க. சுத்தி என்ன தெரியுது உங்களுக்கு?”

அது அவள் குரல்தான், ஆனால் வீட்டில் அவள் பேசும் குரல் அல்ல. தாழ்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஓர் இடம் விட்டு வந்தது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் கையில் ஒரு சட்டையோடு வாசலில் வந்து நின்று, “யாருக்கு என்னாச்சு?” என்றார். அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

“ஒரு செவுரு. பாதி இடிஞ்சது. ஒரு தண்ணித் தொட்டி.”

“தொட்டி உங்களுக்கு எந்தக் கைப்பக்கம்?”

“எடது.”

“பையில கட்டு இருக்கும். காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டுங்க. கட்டிட்டு நகராதீங்க. நான் வர்றேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருடமாக, நாளுக்கு எழுபது எண்பது முறை, அவள் சொல்லிவந்தது ‘வண்டி வருது.’ ‘நான் வர்றேன்’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல முடியாத வேலை அது. இப்போது சொல்லிவிட்டு, பனிக்குள் தட்டுத் தடுமாறி, வேலியைப் பிடித்து, அவர் சொன்ன இடிந்த சுவரின் மூலையைத் திரும்பியபோது தொட்டியடியில் அவர் ஒரு மூட்டையைப் போலச் சுருண்டு கிடந்தார். “வந்துட்டியா” என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நால்வரும் பல வாரம் பேசினார்கள். அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் பண்ணை வீடே இருந்தது. விமானியை அவள் தோளில் போட்டுக்கொண்டாள். அண்ணன் நொண்டிக்கொண்டே பின்னால் காவல் வந்தார். இருபது அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, வெளிச்சம் கரைந்துகொண்டிருக்க மேட்டில் ஏறினார்கள். ஹெலிகாப்டரின் சத்தம் முதலில் அவள் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்குத்தான் வந்தது. மேலே எழும்பியதும் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. தம்பி, இறப்பு. டீச்சர், இறப்பு. அண்ணன், காயம். விமானி, உயிருடன். அந்தக் கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். முடிவு தெரிந்துவிட்டது. யாரோ ஒருவனை இங்கிருந்து அங்கே கொண்டுபோனாள், அவன் பிழைத்தான், அது அவளுக்குத் தெரியும். வெறும் பொம்மைதான் என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றி வந்தாள். “போர் முடிஞ்சுதா?” என்றார் கணவர். “ஜெயிச்சுட்டோம்” என்று அவர் மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் கலைத்துவிட்டாள்.

ஐந்தே கால். நால்வரும் அணியின் குரல் அரட்டைக்குத் திரும்பினார்கள். டீச்சருக்குப் பரபரப்பு அடங்கவில்லை. “எனக்கு இதுதான் வேணும். நான் எண்ணுன கணக்குக்கு வாழ்க்கைல மொத தடவையா ஒரு பாலம் வந்துச்சு.” அண்ணன், தங்கச்சி எதைச் சொல்கிறதோ அதுவே தன் ஓட்டு என்றார். தம்பி மட்டும், “நாப்பது நிமிஷம் பொணமா கெடந்தேன், ஏதோ பாத்து செய்ங்க” என்று சொல்லிவிட்டுத் தன் மைக்கை அணைத்துவிட்டான்.

அவன் எதைச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது அவளால். கொடியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள் திரும்பி வேறு பக்கம் ஓடினாள். ஒரு தடவைகூட அவன் அதைக் குத்திக்காட்டியதில்லை. இப்போது அவன் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. மாலையானால் கத்தரியைக் கை மாற்றுகிறான் என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். இந்த வேகம் இன்னும் எத்தனை வருடத்துக்கு என்பது அவனுக்கே தெரிந்திருக்கும். அதிரடிப் பிரிவில் இந்த வருடம் அவர்கள் ஜெயிக்கக்கூட வாய்ப்பிருந்தது. அவள் போனை எடுத்தாள்.

“டேய், பழைய ஆட்டத்துலயே பேரு குடுத்துடறேன். போன வருஷம் நான் செஞ்சதுக்கு இதாவது செய்யணும்.”

“போன வருஷம் நீ என்ன செஞ்ச?”

“கொடிய விட்டுட்டுத் திரும்பி ஓடினேன்ல.”

“நான் விழுந்து கெடந்தேன். என்னத் தூக்க ஓடியாந்த. அஞ்சு செகண்டுல நானே எந்திரிச்சிருவேன்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் வந்த. இன்னிக்கு செத்தப்புறம் ஆட்டத்த மூடிட்டுப் போயிருக்கலாம். போகல. நாப்பது நிமிஷமும் உன் பின்னாலயே வந்தேன், உன் கண்ணு வழியா பாத்துக்கிட்டு. அந்தக் கொரல்ல என்கிட்ட நீ பேசுனதே இல்லயேக்கா.”

“அது வேலக் கொரலுடா. வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதில்ல.”

“எனக்கும் அப்படிக் கேக்கணும் போல இருந்துச்சு. அந்தக் கொரல்ல நீ எனக்கு ஏதாவது சொல்றதுக்கு முன்னாடியே செத்துட்டேனேன்னு இருந்துச்சு.”

“கை வலிக்குதாமே?” என்றாள்.

“நடக்கறதுக்குக் கையி எதுக்கு? நடராஜா சர்வீஸ்தான. ஆறு மணி ஆயிடப்போவுது, டிக் அடி. அடிச்சுட்டு வா, இன்னொரு தடவ உள்ள போலாம். ஏழு நிமிஷமாவது உசிரோட இருக்கனான்னு பாப்போம்.”

படிவத்தில் ராணுவ ஆட்டத்தின் கட்டத்தை அவள் அழுத்தினாள்.

இந்த முறை ஆட்டம் அவர்களை ஓர் அதிகாலையில் இறக்கிவிட்டது. மஞ்சள் புல் இடுப்பளவு உயர்ந்து, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் பின்னால் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன் வலது ஓரத்தில். தம்பி அவளுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தான், அவன் சுவாசம் ஹெட்செட்டில் கேட்கும் அளவுக்கு நெருக்கத்தில். முப்பது அடி தள்ளிப் பாதையில் எதிரிகள் ஐந்து பேர் வரிசையாக நடந்து வந்தார்கள். பழைய ஆட்டமாக இருந்தால் ஐவரும் இந்நேரம் தங்க எண்களாகச் சிதறியிருப்பார்கள். அவன் துப்பாக்கியின் முனை புல்லுக்கு மேலே ஒரு விரற்கடை எழும்பியது.

“இரு” என்றாள் அக்கா, அந்தக் குரலில்.

முனை தாழ்ந்தது. முதல் ஆள் கடந்தான், இரண்டாவது ஆள் கடந்தான். மூன்றாவது ஆள் நின்று, அவர்கள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். காற்று நின்றது, புல் மெல்ல நிமிர்ந்தது. தம்பி மூச்சை இழுத்தான், விடவில்லை.