திருப்பிப் போட்ட அட்டை

மூன்றாவது தந்தியை முறுக்கும்போது ரத்தினசாமியின் நெற்றியிலிருந்து வேர்வை கிடார் பலகையில் சொட்டியது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனிதர் நெற்றியை விட்டுவிட்டுப் பலகையைத் துடைத்தார். மருமகள் பிரிசில்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். காலையிலிருந்தே இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் மரத்துக்கு அரம் போட்டதில் வந்த வலியாம்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னும் ஒரு தந்திதாம்மா. மாட்டிட்டு வர்றேன்."

ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான் அவருக்கு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அளவு அட்டை வெட்டும் மாஸ்டராக இருந்தவர். மகன் ஜோசுவா சர்ச்சில் பேஸ் கிடார் வாசிப்பவன். போன வருஷம் தோல் வெட்டும் மெஷினில் இடது கையின் இரண்டு விரல் போனதும், கிடாரைத் தொடுவதையே விட்டுவிட்டான். கிழவர் சும்மா இருப்பாரா? பழைய கிடாரை அட்டையில் வரைந்து வெட்டி, அதை அப்படியே கவிழ்த்துப் போட்டார். "இடது ஷூவுக்கு வெட்ன அட்டைய திருப்பிப் போட்டா வலது ஷூ. இனிமே வலது கை தந்திய அழுத்தட்டும், இடது கை மீட்டட்டும்," என்றார். வாலாஜாபேட்டையில் மகோகனி மரம் வாங்கிவந்து, குடைந்து, ஒலி பிடிக்கும் காந்தம் பதித்து, கழுத்தை ஒட்டி, நாளை ஞாயிறு ஆராதனைக்கு முடித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இப்போது அவர் உதடு சாம்பல் பூத்திருந்தது. பிரிசில்லா பக்கத்து வீட்டு முஸம்மிலின் ஆட்டோவுக்குப் போன் போட்டாள். பேரணாம்பட்டு சவாரி முடிந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். ஜோசுவாவின் கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். பைக்கில் பறந்து வந்துவிடுவான்.

அவன் பெயருக்கு மேல் அவள் விரல் நின்றது. விரல் போன அன்றைக்கும் இவள்தான் கூப்பிட்டாள், வரும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொல்ல. போன் மணிச் சத்தத்துக்கு அவன் திரும்பிய நேரம்தான் மெஷின் இறங்கியது. அவன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கம்பெனி ஆபீசுக்குப் போட்டாலும் மைக்கில் பெயர் சொல்வார்கள், அதற்கும் திரும்புவான். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ரத்தினசாமி அவள் முகத்தையே பார்த்தார். "அவனக் கூப்புடாதம்மா. மெஷின்ல நிக்கிறான்," என்றார்.

நான்காவது தந்தியை எடுத்தார். அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் மேசைமேல் சாய்ந்தார். ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது மூச்சு இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. ஜோசுவா அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மூன்று தந்திக் கிடாரை மடியில் வைத்திருந்தான். வலது கை கழுத்தில், இடது கை தந்திமேல். கிழவரின் கணக்கு துளியும் பிசகவில்லை.

"காலைலேர்ந்தே வலி இருந்துச்சாமே?" நிமிராமல் கேட்டான்.

"ம்."

"ரெண்டு தெருதான் பிரிசி. ஏன் போன் பண்ல?"

அவள் கண் அவன் இடது கைக்குப் போனது. அவனும் அங்கே பார்த்தான். பிறகு அந்தக் கையை மெல்லப் பலகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். கிடார் மடியிலிருந்து சரிந்தது. அவள் குனிந்து பிடித்துக்கொண்டாள்.