மூச்சுக்கு ஒரு கொப்பு

இலங்கை மலைநாட்டின் மூணாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்துக் காடு 1993இல் தண்ணீருக்குள் மூழ்கியபோது அதிலிருந்த பறவைகளில் ஒன்றுகூட வெளியேறவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் புது அணைக்கட்டின் கதவை இறக்கியதும் தண்ணீர் வேரைத் தாண்டி, கூடுகளைத் தாண்டி, உச்சிக் கொப்புகளை மட்டும் வெளியே விட்டு நின்றது. பறவைகள் அவை பாட்டுக்கு உள்ளேயே பறந்துகொண்டிருந்தன. மரங்கொத்தி கொத்தக் கொத்தத் தண்ணீரின் மேல் வளையம் வளையமாக விரியும். சிவந்த அலகும் நீல வாலும் உள்ள கூச்சக்காரக் காட்டுப் பறவையை முன்பு கண்டவர்கள் குறைவு. இப்போது கரையில் கொழுந்து கிள்ளும் பெண்கள் குனிந்தாலே பார்க்கலாம். முதல் வாரம் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு பேக்கரியில் பாண் விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்து மட்டும் பிளந்த வாயை மூடவில்லை. வேலை முடிந்தால் கரையில் குந்திவிடுவார். தலைக்கு மேலே பறப்பதுதான் பறவை என்றிருந்தவருக்கு, அவை காலுக்குக் கீழே பறப்பதைக் கண்டால் நெஞ்சு நிறைந்துவிடும், சில நாள் கண்ணும். சோற்றை மூடிவைத்துவிட்டுத் திட்டுவதற்கென்றே வரும் அவர் மனைவி ராக்காயி, திட்ட மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

மூன்று வருஷம் கழித்து, அணைக்கட்டுப் படகுகள் சிக்குகின்றன, வெளியே தெரியும் கொப்பையெல்லாம் வெட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அழகுமுத்துவையும் ரோட்டு வேலை செல்லசாமியையும் பிடித்தார்கள். முடித்துக் கொடுத்தால் அணைக்கட்டில் நிரந்தரக் காவல் வேலை என்று அழகுமுத்துவுக்கு வாக்கும் கொடுத்தார்கள். செல்லசாமி மரங்களை மொட்டையடித்துக்கொண்டே போனார். அழகுமுத்துவின் கை அப்படிப் பழகியதல்ல. குளிர் மலைகளில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது, புதுத் தளிர் வரும்வரை செடி மூச்சு விட ஒரு கொப்பை விட்டுவைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மரத்துக்கு ஒன்றை விட்டுக்கொண்டே போயிருக்கிறார். "தேயில நெனப்புலயே வெட்டிப்புட்டேன்" என்று சாயங்காலம் அசடு வழிந்தார்.

மறுநாள் காலையில் மொட்டை மரங்களுக்கு மேலே பறவைகள் அலகைத் திறந்தபடி செத்து மிதந்தன. ஒரு கொப்பு நின்ற மரங்களுக்கடியில் எல்லாம் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தன. செல்லசாமி கத்தியைத் தண்ணீரில் வீசிவிட்டுத் தலையிலடித்து அழுதார்.

வேலையைப் பார்வையிட யாழ்ப்பாணத்து இஞ்சினியர் முத்துலிங்கம் வந்தார். அழகுமுத்துதான் படகைத் தள்ளிக்கொண்டு போனார். நிற்கும் கொப்புகளைக் கண்டதும் இஞ்சினியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் வெட்டும் எண்டெல்லோ சொன்னது? மிச்சத்தையும் வெட்டும். இல்லாட்டி உமக்குக் காவல் வேலை இல்லை."

அழகுமுத்து கத்தியைப் படகுக்குள் வைத்தார். அந்த வேலை வந்தால் மழையில் மலையேற வேண்டியதில்லை என்று முழங்கால்கள் எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கும்!

"வேலை வேணாங்கய்யா. இந்த ஒரு கொப்புலதான் அதுக மூச்சு விடுதுங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

இஞ்சினியர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். படகுக்கடியில் கிளிக்கூட்டம் ஒன்று பச்சையாகக் கடந்துபோனது. அதற்கும் கீழே, தாய்ப்பறவை ஒன்று குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை அவர் எட்டிப் பிடிக்கக்கூட இல்லை. பனி இறங்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு மெல்ல, "கொப்பில முட்டாமல் சுத்தி ஓட்டுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து எல்லாப் படகுகளும் சுற்றித்தான் ஓடுகின்றன. காவல் வேலையை மேலிடம் வேறொருவருக்குக் கொடுத்தது. அழகுமுத்து இன்னும் சில வருஷம் மலையேறிக் கவ்வாத்து வெட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஓய்வு பெற்றார். 2004 வாக்கில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் படகில் குப்புறப் படுத்துப் பறவை பார்த்தார்கள். அப்போது தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்க ஃபெக்டரிக்குப் புதிதாக வந்த டீமேக்கர் ஒருநாள் கரையில் திகைத்து நின்று, தண்ணீருக்குள் குருவி பறக்கிறதே என்று அழகுமுத்துவைப் பிடித்து உலுக்கினார்.

"காடுன்னா குருவி பறக்கத்தானுங்களே செய்யும்?" என்று அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார் அழகுமுத்து.