வலது டிரம்மின் குறிகள்

கிளாரன்ஸுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இரண்டு டிரம்மும் ஒரே அளவு. வெள்ளைக் குறிகளும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுகளில் இடது கேஜ் சுரங்கத் தளமான ஒவ்வொரு லெவலிலும் தரையோடு தரையாக நின்றது. வலது கேஜ் தாழ்ந்துபோய் நின்றது.

குறிகளில் இம்மியும் பிசகு இல்லை என்று அவன் அடித்துச் சொல்வான். இடது டிரம்மில் நாடா வைத்து அளந்து, வலது டிரம்மில் பதித்தவனே அவன்தானே.

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில், செங்குத்தாக இறங்கும் ஒரு ஷாஃப்டின் இன்ஜின் கொட்டகையில் அவனும் சாம்ராஜும் கேஜ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். நீராவி இன்ஜின், டிரம் என்னும் பெரிய உருளையைச் சுழற்றும். அதில் சுற்றியிருக்கும் கம்பிக் கயிறு அவிழ அவிழ, ஆட்கள் ஏறிய கேஜ் பூமிக்குள் இறங்கும். ஓட்டுகிறவன் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. எத்தனையாவது சுற்று என்று ஒரு முள் காட்டும். அந்தச் சுற்றில் எங்கே நிறுத்துவது என்று டிரம்மின் விளிம்பில் உள்ள குறி காட்டும். குறிதான் அவனுக்குக் கண்.

பாடம் சொல்லும் தங்கவேலு மேஸ்திரி சாம்ராஜுக்கு இடது டிரம்மையும் கிளாரன்ஸுக்கு வலது டிரம்மையும் கொடுத்திருந்தார். "ரெண்டு பேரும் சேந்து குறி வைங்க. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. அப்பறம் மாத்திக்கினு நில்லுங்க" என்றார்.

கிளாரன்ஸ் கீழே போகவில்லை. பல்வலி என்று படுத்துக்கொண்டான். பல்லில் ஒன்றுமில்லை. முன்பு சுரங்கத்துக்குள் கல் அள்ளியபோது, பாறை சரிந்து விளக்கு அணைந்து, இருட்டில் கிடந்து மீண்டவன் அவன். அன்று முதல் அவன் ஷாஃப்டுக்குள் இறங்குவதே இல்லை. சாம்ராஜ் தன் மைத்துனனைக் கெஞ்சிக் கீழே நிறுத்தித் தன் குறிகளை வைத்து முடித்தான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் கிளாரன்ஸ் நாடாவை எடுத்தான்.

மறுநாள் சாயங்காலம் பரீட்சை. தேறாதவன் திரும்பவும் கீழே கல் அள்ளப் போக வேண்டியதுதான்.

"மச்சான், வலது கேஜ் தாழுது. இன்னா காரணம்?"

சாம்ராஜ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "பல்லு இப்ப எப்டி இருக்குது?"

"கால்ல வுழுந்து கேக்கறன்டா."

"நான் சொன்னா அதையும் நாடாவுல அளந்துகினு போவ. எந்த லெவல்ல எவ்ளோ தாழுதுன்னு நீயே போய்ப் பாத்துக்கினு வா."

வேறு வழி இல்லை. சாம்ராஜ் மேலே ஓட்ட, ஷிப்டு ஆட்களோடு ஆளாகக் கண்ணை மூடிக்கொண்டு வலது கேஜில் ஏறினான். முதல் லெவலில் கேஜ் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. நடு லெவலில் ஒரு சாண். அடி லெவலில் ஒரு முழம். அங்கே இறங்கியவர்களில் ஒருவன் கால் இடறி, "எவன்டா மேல ஓட்டறவன்? தூங்கறானா?" என்று திட்டினான். கிளாரன்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினான்.

ஆனால் அந்த விரலும் சாணும் முழமும் அவனை விடவில்லை. பதித்ததில் தவறு என்றால் ஓரிடத்தில் தாழும், ஓரிடத்தில் உயரும். இது ஆழம் கூடக் கூட அல்லவா கூடுகிறது! ஆழத்தோடு கூடுவது எது? வெளியே விட்ட கயிறு. இடது கயிறு பழையது. நீள வேண்டிய மட்டும் நீண்டு இறுகிவிட்டது. வலது கயிறு போன மாதம் மாட்டியது. அதன் கம்பிப் புரிகள் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. பாரம் இழுத்தால் நீண்டு கொடுக்கின்றன. எவ்வளவு நீளமாகத் தொங்குகிறதோ, அவ்வளவு கூடுதலாக நீளும்.

மேலே வந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் குறிகளை அழிக்கத் தொடங்கினான். பின்னால் மேஸ்திரியின் குரல் கேட்டது.

"பரீட்ச நெருங்கசொல்ல குறிய அழிக்கறவன இப்பத்தான்டா பாக்கறன்."

"இது என்னுது இல்லீங்க மேஸ்திரி. சாம்ராஜோடது. நாடாவுல எடுத்தேன்."

மேஸ்திரி அழியாமல் இருந்த ஒரு குறியைக் காட்டினார். "இத நம்பி எத்தினி பேரு கால வெப்பான், தெரியுமா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் குறிய நீ வெச்சிரு. இல்லன்னா கீழ போய்க் கல்லு அள்ளு."

கிளாரன்ஸ் சாம்ராஜைப் பார்த்தான்.

"உனக்காவ கீழ நான் நிக்கறன்" என்றான் சாம்ராஜ். "ஆனா மொதல்ல நீ எனக்கு நிக்கணும். நானும் வெறும் கேஜ்லதான் குறி வெச்சேன். பாரம் ஏத்திப் பாக்கணும். அடி லெவல் வரைக்கும் நீதான் போவணும்."

கிளாரன்ஸ் போனான். ஒவ்வொரு லெவலிலும் மேலே சைகை கொடுக்கும் மணிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், தெரிந்த ஜெபத்தை எல்லாம் சொல்லிக்கொண்டு நின்றான். பிறகு சாம்ராஜ் கீழே இறங்கினான். கிளாரன்ஸ் தன் டிரம்மின் முன் நின்றான்.

மறுநாள் சாயங்காலம் பரீட்சைக்கு மேஸ்திரி அடி லெவலில் போய் நின்றுகொண்டு ஓட்டச் சொன்னார். வலது கேஜ் தரையோடு தரையாக நின்றது.

குறி வைக்கும் வழி இதுதான். ஒரு கயிற்றின் குறி இன்னொரு கயிற்றுக்கு உதவாது. கேஜில் முழுப் பாரம் ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். கேஜின் தரை லெவலோடு ஒட்டியதும் கீழே நிற்பவன் மணியடிக்க வேண்டும். மேலே நிற்பவன் உடனே நிறுத்தித் தன் டிரம்மில் குறி வைக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறி அடுத்த டிரம்மைப் பார்க்க வேண்டும். புதுக் கயிறு நீள்வது நிற்கும்வரை, வாரந்தோறும் பழைய குறியை அழித்துவிட்டு இதையே திரும்பச் செய்ய வேண்டும்.