குப்புறப் படுத்துக் கேட்ட கதை

புக்கிட் செலம்பாவ் என்ற சின்ன ஊரில் ஹேமநாதனின் குரலைக் கேட்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரன். லாரி வளைவில் திரும்புவதற்கு முன்பே அவன் பேச்சு திரும்பிவிடும் என்பார்கள். கோயில் திருவிழாவில் மைக் கெட்டுப்போனால் யாரும் பதறுவதில்லை. ஹேமநாதனைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அவன் மனைவி பிரேமலா தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு ஒரு ‘ம்’. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே அவளுடைய சித்தி, “இடிக்கும் தூறலுக்கும் முடிச்சுப் போடுறீங்க, ஆறு மாசம் தாங்காது” என்று சொன்னாளாம். இருபத்துமூன்று வருடம் தாங்கிவிட்டது. ஒரே மகள் வாசுகியும் படித்து முடித்து, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்து, அங்கேயே தோழிகளோடு வீடெடுத்துத் தங்கிவிட்டாள்.

பிரேமலாவுக்கு இருந்த ஒரே ஆசை காதல் நாவல். பள்ளி ஆசிரியைகள் ஆறேழு பேர் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் படிக்கிற மெல்லிய புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஊர் இருக்கும். அந்த ஊரில் ஒரு முரடன் இருப்பான். பட்டணத்திலிருந்து ஒரு படித்த பெண் வந்து பஸ்ஸை விட்டு இறங்குவாள். “இந்த வாரம் யாரு மழையில நனையிறா?” என்று ஹேமநாதன் கேட்டுச் சிரிப்பான். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள், ஆலையில் குலையை இறக்கிவிட்டு லாரியில் ஏறியவனுக்கு வலக்கண்ணில் கறுப்புத் துணியைப் பாதி இழுத்துவிட்டது போல ஆயிற்று. கையால் தேய்த்தான். துணி விலகவில்லை. இடக்கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்து, ஆள் அசைவதுதான் தெரியும். அலோர் ஸ்டாரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றுவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். செய்தார்கள். கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். பிறகு அந்த இளம் மலாய் டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் ஹேமநாதன் அரண்டுபோனான்.

பத்து நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிட, குளிக்க மட்டும் சற்று எழுந்திருக்கலாம். மற்ற நேரமெல்லாம் முகம் தரையைப் பார்த்தபடி இருந்தால்தான் உள்ளே இருக்கும் வாயு விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்கும். நிமிர்ந்தால் பார்வை போனாலும் போகும்.

பிரேமலா பள்ளியில் பத்து நாள் சூத்தி எழுதிக் கொடுத்துவிட்டாள். இருபது வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாக விடுப்பு எடுத்ததே இல்லை. ஹேமநாதனின் கூட்டாளி லோகேஸ்வரன், அவனும் லாரிக்காரன்தான், கைவண்டிச் சக்கரத்தின் டியூபைக் காற்றடித்துக் கொண்டுவந்தான். கட்டில் விளிம்பில் டியூபை வைத்து, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றி, ஹேமநாதனின் முகத்தை நடு ஓட்டையில் பொருத்தினான்.

“எப்படிண்ணே இருக்கு?”

“கக்கூஸ் குழிய எட்டிப் பாக்குற மாதிரி இருக்குலா,” என்றான் ஹேமநாதன்.

முதல் நாள் எப்படியோ ஓடியது. இரண்டாம் நாள் வானொலி கேட்டான், சலித்துவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசினான். குப்புறக் கிடந்து பேசியதில் தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தால் தரை ஓட்டின் மங்கலான வெள்ளை மட்டும். கண் திரும்பி வருமா வராதா என்ற நினைப்பு, சும்மா கிடக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. லாரி இல்லாவிட்டால் நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“பிரேமா, எதாச்சும் பேசேன்.”

“என்னத்தப் பேசுறது?”

“சரி, எதாச்சும் படி.”

செய்தித்தாளைப் படித்தாள். கால் மணியில் தீர்ந்துவிட்டது.

“உன் கதப் புஸ்தகம் இருக்குல்ல? அதப் படி.”

“நீங்க கிண்டல் பண்ணுவீங்க.”

“பண்ண மாட்டேன். இந்தக் கோலத்துல கெடந்துக்கிட்டு நான் யாரைக் கிண்டல் பண்றது?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது. பள்ளிச் சுற்றறிக்கையைப் படிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் ஆரம்பித்தாள். ஒரு மலையடிவாரத்து ஊர். அங்கே பட்டறை வைத்திருக்கிற கதிர்வேல், வாய் ஓயாதவன், கையெல்லாம் கறுப்பு எண்ணெய். வங்கி அதிகாரியாக மாற்றலாகி வருகிற அனுராதா, மேஜையில் பேனா கோணலாக இருந்தால்கூடத் தாங்காதவள். முதல் அத்தியாயத்திலேயே அவளுடைய வெள்ளைப் புடவையில் அவன் கறுப்புக் கையால் இடித்துவிட்டான்.

ஹேமநாதன் டியூபுக்குள் சிரித்தான். உடம்பு குலுங்கியது.

“ஆடாதீங்க!”

“சரி சரி. மேல படி.”

மூன்றாம் நாள், காலைக் காப்பி முடிந்ததுமே, “அந்த வங்கிக்காரி என்ன ஆனா?” என்று கேட்டான். நான்காம் நாள் கதிர்வேலுக்காக வக்காலத்து வாங்கிச் சண்டை போட்டான். அவளும் விடவில்லை. அனுராதாவின் பக்கம் நின்று அவள் பேசப் பேச, ‘இவ்வளவு பேச்சு இவளிடம் எங்கே இருந்தது?’ என்று அவன் ஆச்சரியப்பட்டான். மாலையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வரும் லோகேஸ்வரன், ஐந்தாம் நாளிலிருந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் தரையில் சப்பணமிட்டு உட்கார ஆரம்பித்தான். “அண்ணி, நேத்து விட்ட எடத்துலேர்ந்து படிங்க. ஆலையில வரிசையில நிக்கும்போதுகூட அதே நெனப்பு.”

“எப்படியும் ரெண்டு பேரும் சேரத்தானே போறாங்க?” என்று ஹேமநாதன் ஒரு நாள் கேட்டான். “மொத பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா இதையே படிக்கிற?”

பிரேமலா யோசித்தாள். “சேருவாங்கன்னு தெரிஞ்சாத்தானே சண்டைய நிம்மதியா படிக்கலாம்? நெசத்துல சண்ட வரும்போது முடிவு தெரியாது. அதான் பயம்.”

“அது ஏன் எப்பப் பாத்தாலும் சின்ன ஊராவே இருக்கு?”

“பெரிய ஊருன்னா பிடிக்கலன்னா வேற தெருவுல போயிடலாம். சின்ன ஊர்ல இன்னிக்கு மொறச்சிக்கிட்டாலும், நாளைக்கு அதே கடையில சீனி வாங்கப் போய் நிக்கணும். வேற வழியில்லாம ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும். பாத்துக்கிட்டே இருந்தா, மொத பாக்காதது அப்புறம் தெரியும்.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு சொன்னதே ஹேமநாதனுக்குப் போதுமாயிருந்தது.

எட்டாம் நாள் பிற்பகல். வெளியே நல்ல வெயில். பிரேமலா நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அனுராதா கதிர்வேலிடம் சொல்லும் இடம்.

“அன்றைக்கு ஊரெல்லாம் வெள்ளம். அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்து, நான் அழுவதற்குக்கூட பயந்துகொண்டு உங்கள் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் நீங்கள் பேசிக்கொண்டே வந்தீர்கள். சின்ன வயதில் ஆடு மேய்த்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, ஒன்றுக்கும் உதவாத கதைகள். வாயை மூடுங்கள் என்று கத்தினேன். நீங்கள் மூடவில்லை. மூடியிருந்தால் அந்தத் தண்ணீரின் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கும். உங்களால்தான் அப்பாவோடு இரண்டு நாள் இருந்தேன். இதை உங்களிடம் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டேன்.”

ஹேமநாதனுக்குத் தன் லாரி நினைவுக்கு வந்தது.

கல்யாணமான மூன்றாம் வருடம். மாமனார் பரஞ்சோதி அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாலையெல்லாம் தண்ணீர், கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. லாரி உயரம், போய்விடலாம் என்று அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பயத்தில் வாய் நிற்கவில்லை. அவள் கத்தினாள். இரண்டு நிமிடம் மூடிவிட்டு மறுபடியும் தொடங்கினான். இரண்டு நாள் கழித்து மாமனார் போய்விட்டார். சாகக் கிடந்தவரைப் பார்க்கப் போகிற பெண்ணிடம் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னவன் நான் என்கிற வெட்கம், இருபது வருடமாக அவனுக்குள் முள்ளாக இருந்தது. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

“பிரேமா, இது நம்ம கத மாதிரி இருக்கே.”

“எல்லா ஊர்லயும் வெள்ளம் வரும்ல,” என்றாள் அவள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

பத்தாம் நாள் முடிந்தது. சோதித்துப் பார்த்த டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். விழித்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது. வாயு கரையக் கரைய, போத்தலில் தண்ணீர் மட்டம் ஆடுவது போலக் கண்ணுக்குள் ஒரு கோடு ஆடியது. கோட்டுக்கு மேலே நாளுக்கு நாள் உலகம் தெரிந்தது. முதலில் கதவு, பிறகு நாட்காட்டி. ஒரு மாதம் சென்றபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

பிரேமலா பள்ளிக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அவன் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். வெள்ளத்துப் பேச்சைத் தன் கண்ணாலேயே ஒரு முறை படிக்க வேண்டும் போலிருந்தது. அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்தான். கதிர்வேலின் தங்கை கல்யாணம் வந்தது, வங்கியில் தணிக்கை வந்தது, மழைகூட வந்தது. வெள்ளம் வரவில்லை. அனுராதாவின் அப்பா கடைசிப் பக்கம் வரை நன்றாக இருந்து, கல்யாணத்தில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை பக்கம் கிழிந்திருக்குமோ என்று எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒன்றும் குறையவில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் வந்தது. தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, வழிய விட்டான்.

மூன்று மணிக்கு பிரேமலா வந்தாள். கைப்பையை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டாள். அவன் பின்னாலேயே போய் நின்றான். லாரி எஞ்சினையே மீறிப் பேசுகிறவனுக்கு அன்று குரல் தாழ்ந்தே வந்தது.

“புஸ்தகத்துல வெள்ளமே இல்லலா, பிரேமா.”

அவள் கரண்டியை நிறுத்தினாள். திரும்பவில்லை. காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

“நீங்க தரையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க,” என்றாள் மெதுவாக. “மூஞ்சியப் பாத்து சொல்ல எனக்கு வராது. கல்யாணம் ஆனதுலேர்ந்து வரல. அந்தக் கதைங்கள்ல வர்ற பொண்ணுங்க கடைசியில எப்படியாச்சும் சொல்லிடுறாங்க. அதுக்காகத்தான் படிக்கிறேன்னுகூட வச்சுக்குங்க. கண்ணு போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. உங்களுக்கு எதாச்சும் ஆகி, நான் சொல்லாமலே போயிட்டா?”

“நான் ஒளறிக்கிட்டே வந்தேன்னு நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன். இத்தன வருஷமா.”

“கோவம்தான். அன்னிக்கு மட்டும்.” இப்போது திரும்பினாள். “மறுநாளே அப்பாகிட்ட நீங்க வழியெல்லாம் பேசுன கதைய சொன்னேன். ‘அந்த ஆட்டுக்குட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளும்மா’ன்னாரு. சிரிச்சாரு.”

மாமனார் சிரித்தார் என்பது ஹேமநாதனுக்குப் புதுச் செய்தி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், தேத்தண்ணீரை வடிகட்டும் சாக்கில் அவள் கையிலிருந்த வடிகட்டியை வாங்கிக்கொண்டான்.

“நானும் ஒன்னு சொல்லணும். நீ சூத்தி போட்டுட்டு பக்கத்துலயே இருந்தியே. நீ மட்டும் இல்லன்னா நான் ரெண்டாம் நாளே எழுந்திருச்சிருப்பேன். கண்ணு போயிருக்கும். நீ குடுத்த கண்ணுதான் இது.”

“டாக்டர் குடுத்தது.”

“டாக்டர் ஒட்டவச்சாரு. கத சொல்லி என்னக் கட்டிப்போட்டது நீதானே?”

அவள் சிரித்தாள்.

மூன்றாம் மாதம் இடக்கண்ணின் புரையையும் எடுத்தார்கள். அதன்பின் அவன் மறுபடியும் லாரி ஏறினான், முதலில் பகலில் மட்டும், கிட்டத்து ஆலைக்கு. லோகேஸ்வரன் இன்னொரு லாரிக்காரனிடம் கதிர்வேல் கதையைச் சொல்லப்போய், அவன் தன் மனைவிக்குப் புத்தகம் கேட்டு வந்தான். ஆசிரியைகளின் வட்டம் லாரிக்காரர்களின் வீடுகள் வரை நீண்டது. படித்த பக்கத்தில் குலைக் காம்பின் கறை இருக்கிறதென்று ஒரு டீச்சர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரேமலா படிப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது ஹேமநாதன் நாற்காலியில் நிமிர்ந்து, எதிரில் உட்கார்ந்துகொள்கிறான். சண்டை வரும்போது அவளுடைய இடது புருவம் மட்டும் உயர்வதையும், நல்ல வரி வரப்போகிறதென்றால் அதற்கு முன்பே உதட்டோரம் இளகிவிடுவதையும் அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

“கேக்குறீங்களா, தூங்குறீங்களா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்லா. நீ படி.”