நாலு மணிக்குச் சிங்கத்துக்கிட்ட

பஸ் ஹோட்டலை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. காசிமாயன் எழுந்துபோய் வழிகாட்டி செல்வக்குமாரின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். மைக் இருக்கிற இடத்தில் அது தன் கைக்கு வராமல் போக அவர் விட்டதில்லை. விளாங்குடி வணிகர் நலச் சங்கத்துக்கு அவர் துணைத் தலைவர். தலைவருக்கு மூட்டுவலி வந்துவிட்டதால், நான்கு நாள் சிங்கப்பூர்ச் சுற்றுலாவுக்கு வந்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் அவரே தலைவர். புறப்பட்ட அன்று திண்டுக்கல் ரோட்டில் 'கடல் கடக்கும் காவியமே' என்று அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். வாசகத்தை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

"இன்னைக்குக் கடைசி நாளு, ஞாயித்துக்கெழம" என்றார், தீர்ப்பு வாசிப்பதுபோல. "சாயந்தரம் நாலு மணிக்குச் சிங்கச் சிலை, நாலரைக்குப் படகுன்னு போட்ருக்காக. ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகு காலம். கடல் தாண்டி வந்துட்டு, ராகு காலத்துல தண்ணி மேல கால வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

பஸ் முழுக்க 'ஆத்தீ' என்று ஒரு சத்தம் ஓடியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அழகம்மாள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சிங்கத்துக்கிட்ட அவளுடைய மகள் வருவாள். பாண்டீஸ்வரி. பார்த்து ஏழு வருஷம். முந்தாநாள் ராத்திரி ஹோட்டல் வராந்தாவில், மருந்துக்கடைக்காரர் மனைவி தமிழ்வாணியின் செல்போனில் வைஃபை பிடித்து, தண்ணீர் பிடிக்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு வந்து அழகம்மாள் அவளிடம் பேசினாள். "ஞாயித்துக்கெழம மூணரை வரைக்கும் எனக்கு டூட்டிம்மா. அதுவரைக்கும் போன் லாக்கர்ல இருக்கும். முடிச்சு நேரா சிங்கத்துக்கிட்ட வந்துர்றேன். முத்துமீனாவையும் கூட்டிட்டு வாரேன். கூட்டத்தோட கூட்டமா நின்டு பாத்துக்கிருவோம். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத." முத்துமீனாவுக்கு நாலு வயது. அந்தப் பெயரையே அழகம்மாள் அன்றைக்குத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு இரவும் தூங்கவில்லை.

வீட்டில் ராகு காலத்தில் கேஸ் சிலிண்டர்கூட மாற்றாதவள் அவள். இப்போது எழுந்து நின்றாள்.

"இங்கன மணி வேற, நம்மூரு மணி வேறல்ல? இங்க நாலரைன்னா நம்மூர்ல ரெண்டு மணிதான். அப்ப ஏது ராகு காலம்?"

காசிமாயன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஊர்ப்பற்றின் காரணமாக அதில் இன்னும் விளாங்குடி நேரத்தைத்தான் வைத்திருந்தார். பெயிண்ட் கடை பேயாண்டி பின்னாலிருந்து, "அப்ப ராகு எந்த ஊரு வாட்ச்சு கட்டியிருக்காருன்னு கேக்குது மதினி!" என்றதும் சிரிப்பு வெடித்தது.

"சூரியன் எங்க நிக்கிதோ அங்கனதான் ராகுவும்" என்றார் காசிமாயன். "சிங்கமும் படகும் இப்பவே. சாயந்தரம் கடைத்தெரு. அங்கருந்தே ஏர்போர்ட். கை தூக்குங்க." கைகள் உயர்ந்தன. தமிழ்வாணி மட்டும் அழகம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, புருஷன் முழங்கையால் இடிக்க, பாதிக் கையைத் தூக்கினாள். அவள் செல்போனுக்கு ஹோட்டல் வைஃபைதான் உயிர். ஹோட்டல் எங்கோ பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பத்தரை மணி வெயிலில் சிங்கம் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. தலை சிங்கம், உடம்பு மீன். "இத வைகைக்குள்ள வச்சா ஒரே நாள்ல கொழம்பு வச்சிருவாய்ங்க மாப்ள" என்று பேயாண்டியிடம் சொல்லிவிட்டு, காசிமாயன் கையை இடுப்பில் ஊன்றி, அதை வேட்டையாடி வந்தவர்போலப் படத்துக்கு நின்றார். அழகம்மாள் கம்பித் தடுப்பு ஓரமாக நடந்துபார்த்தாள். சாயந்தரம் மகள் எந்த இடத்தில் வந்து நிற்பாள்? நிழல் இருக்கிற பக்கமா, படிக்கட்டுப் பக்கமா? உட்கார ஒரு இடமும் இல்லையே, பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கும்? சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போன படத்தில் சிங்கமும் காசிமாயனும் கேமராவைப் பார்த்தார்கள். அழகம்மாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு பேர் வாழ்த்தினார்கள்.

அப்புறம் படகு. அப்புறம் இரும்பில் செய்த மரங்கள். கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறிக் கடலைத் தாண்டினார்கள். கீழே கப்பல்கள் வரிசையில் நின்றிருந்தன. "வைகையில மட்டும் தண்ணி வந்துச்சுன்னா நம்மளும் இப்படி நாலு கப்பல நிறுத்தலாம்" என்றார் காசிமாயன். பெட்டிக்குள் யாரும் மறுக்கவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு தமிழ் ஓட்டல், அங்கே சாம்பார் இனித்ததைப் பற்றி ஒரு நீண்ட கண்டனம். அழகம்மாள் ஒவ்வொரு இடத்திலும் சுவரில் கடிகாரம் தேடினாள்.

கடைத்தெருவில் இறங்கும்போது மூன்றேகால். நாலு மணிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் இங்கேயே வந்துவிடுவாள். வழிகாட்டியின் போனில்கூடப் பேசலாம், ஆனால் நம்பர் தமிழ்வாணியின் செல்லுக்குள் இருந்தது. தமிழ்வாணி அதை எடுத்துக் காட்டினாள். இரும்பு மரங்களை நின்ற இடம், நடந்த இடமெல்லாம் வீடியோ எடுத்ததில் அது அணைந்துபோயிருந்தது. ஒரு துணிக்கடையில் கெஞ்சிச் சார்ஜரைச் செருகப் பார்த்தார்கள். இந்த ஊர்ச் சுவரில் ஓட்டை மூன்றும் சதுரம். நம்மூர்ச் சார்ஜரின் உருண்டைக் கால் உள்ளே போகவில்லை. கடைக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, நம்பரு மனசுல இல்லையா?"

"இத்தன வருசத்துல நான் எங்கடி அவளுக்குப் போன் போட்டேன்?"

நாலு பத்துக்கு, தைலப் புட்டிகள் அடுக்கிய கடையில் காசிமாயனை அழகம்மாள் கண்டுபிடித்தாள். இரண்டு கையிலும் புட்டியாக நின்றார்.

"ஏங்க. பாண்டீஸ்வரி சிங்கத்துக்கிட்ட வந்து நிக்கிறா. நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பிள்ளையக் கூட்டிட்டு வந்திருப்பா."

அந்தப் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். புட்டியின் மேலிருந்த சீன எழுத்தைச் சிறிது நேரம் படித்தார். பிறகு, "வெயில்லயா நிக்கிறா?" என்று கேட்டார்.

அழகம்மாளுக்கு அழுகை முட்டியது. திட்டுவார் என்று எல்லா வார்த்தைக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள், இந்தக் கேள்விக்குத் தயாராகவில்லை.

பாண்டீஸ்வரி சிவபாண்டியைக் கட்டிக்கொண்டாள். சிவபாண்டியின் அப்பா மலைச்சாமி, காசிமாயனின் வயலில் நாற்றுப் பறித்தவர். பையன் படித்து, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இன்ஜினியராகிவிட்டான் என்பது காசிமாயனின் கணக்கில் வரவில்லை. பதிவுத் திருமணம் நடந்த மறுநாள் காலையில், விளாங்குடியிலிருந்து ஆரப்பாளையம் வரை சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டப்பட்டது. கண்ணீர் அஞ்சலி. மகளின் கல்லூரிப் படம், தோற்றம், மறைவு. மறைவு என்ற இடத்தில் கல்யாணத் தேதி. அதற்கும் வாசகம் எழுதியவர் காசிமாயன்தான். எழுத்துப்பிழை இருக்கக்கூடாது என்று இரண்டு தடவை திருத்திக் கொடுத்தார். இந்தப் பஸ்ஸில் வந்திருந்த அத்தனை பேரும் அந்த வாரம் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். பேயாண்டி மாலையோடு வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காசிமாயன் புட்டிகளை வைத்துவிட்டு வெளியே போய்ச் செல்வக்குமாரைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் தலைவர் தனியாகப் பேசினால் என்னவென்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். வந்தார்கள்.

"தம்பி, பஸ்ஸ எடுங்க. சிங்கத்துக்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவம்."

"அண்ணே, அஞ்சு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பணும். நீங்கதான மாத்தச் சொன்னீங்க?"

"ராகு காலம் வரப்போகுதேண்ணே" என்றார் பேயாண்டி அக்கறையாக.

காசிமாயன் வாயைத் திறந்தார். எதிரில் சங்கத்தின் பெயர் பொறித்த வெள்ளைத் தொப்பிகள். ஒவ்வொரு தொப்பிக்குக் கீழேயும், அன்றைக்கு அவர் கையைப் பிடித்து 'மனசத் தேத்திக்கங்கண்ணே' என்ற முகம். செத்துப்போனவளைப் பார்க்கப் பஸ்ஸைத் திருப்பு என்று எப்படிச் சொல்வது?

"அங்கன ஒரு சாமான விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"என்ன சாமாண்ணே? பர்ஸா?"

"இல்ல."

"கவலைய விடுங்கண்ணே" என்றான் செல்வக்குமார் பெருமையாக. "இந்த ஊர்ல எதுவும் காணாமப் போகாது. விட்ட எடத்துலயே அப்படியே இருக்கும்."

காசிமாயன் தலையாட்டினார். இத்தனை நாளில் அவர் பதில் பேசாமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான். அழகம்மாள் சாலை ஓரம் போய் டாக்ஸிக்குக் கை நீட்டினாள். இங்கே கை நீட்டினால் வண்டி நிற்காது, வரிசை வேறெங்கோ இருந்தது. அவள் பின்னாலேயே ஓடிவந்த செல்வக்குமார், "யம்மா, ஆளு மிஸ்ஸானா என் வேலை போயிரும்மா" என்று கைகூப்பினான். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்பதையும் மகளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்கே தெரியாது. பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாம் தலைவர் பையில்தான் இருந்தது.

ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பியது. ஜன்னல் இருக்கையை நாலு நாளும் விட்டுக்கொடுக்காத காசிமாயன் எழுந்து நின்று, "நீ அந்தப் பக்கம் உக்காரு" என்றார். மைக் காலியாகத்தான் கிடந்தது. அவர் போகவில்லை.

பஸ் ஒரு நீளமான பாலத்தின் மேல் ஏறியபோது, "இடது பக்கம் பாருங்க, கடைசியா ஒருதரம்" என்றான் செல்வக்குமார். எட்டத்தில், கட்டடங்களுக்கு நடுவில் தண்ணீர் மின்னியது. அதன் அக்கரையில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக ஒன்று நின்றது. அதன் காலடியில் மனுசர்கள் கடுகைச் சிந்தியதுபோல. நிறத் துணுக்குகள். ஒரு குடை இருந்தது, சிவப்பா மஞ்சளா தெரியவில்லை. அழகம்மாள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, அந்தக் கடுகுகளில் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்ந்து நிற்கிற இடத்தைத் தேடினாள். அப்படி நிறைய இருந்தன.

அவள் தலைக்கு மேலாகக் காசிமாயனின் கை நீண்டது. கண்ணாடியில் பட்டு நின்று, மெல்ல அசைந்தது.

"தலைவரு டாட்டா காட்டுறாரு பாருங்கடா!" என்று கத்தினார் பேயாண்டி. அவ்வளவுதான், இருபது கைகள் ஜன்னல்களில் எழுந்தன. "சிங்கப்பூரே போயிட்டு வாரோம்! டாட்டா! டாட்டா!" விசில் பறந்தது. தமிழ்வாணி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

பாலம் இறங்கியது. தண்ணீர் மறைந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டிய மரங்கள் வந்தன. கைகள் ஒவ்வொன்றாக இறங்கித் தைலப் புட்டிகளை எண்ணத் தொடங்கின. காசிமாயனின் கை மட்டும் கண்ணாடியில் அப்படியே இருந்தது, மரங்களைப் பார்த்து அசைந்துகொண்டு.