எங்கள் ஊர் மேஜை

"இதுல எந்த புக்குல மேடம் உங்க ஊரு வருது?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டபோது, லைப்ரரியம்மா மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். கேள்வியில் கொஞ்சம் விஷமம் இருந்தது. இருக்காதா பின்னே? அவருடைய ஊரைப் பற்றிய புத்தகங்கள் அவர் மேஜையில் அடுக்கடுக்காக நின்றன. அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் எழுத்தாளர் மேல்தான் விழ வேண்டும். இவள் மேஜையில் ஒரு கடல் பயணக் கதை, பனிப் பிரதேசத்தில் வழி தவறிப்போனவனின் அனுபவங்கள், ஒரு படை தோற்றுத் திரும்பிய வரலாறு, ஒரு கோர்ட் நாடகம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் கிடந்தன. எதிலும் அவள் ஊரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

"எல்லாத்துலயும் வருது சார்," என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பெருநகரத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி அது. சுற்றுவட்டார நூலகங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மேஜை ஒதுக்கி, சொந்த ஊரைச் சொல்லும் நூல்களைக் கொண்டுவந்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். லைப்ரரியம்மாவின் ஊர் இதுவரை கலந்துகொண்டதே இல்லை. வைக்கப் புத்தகம் இருந்தால்தானே? லாரிகள் நின்று டீசல் போட்டுக்கொண்டு போகும் ஊர். அதைப் பற்றி எவனும் எழுதவில்லை. அந்த ஊரிலிருந்தும் எவனும் எழுதப் புறப்படவில்லை. இந்த வருஷமும் அப்படியே விட்டிருக்கலாம். "எழுத ஆள் இல்லன்னா என்ன, படிக்கிற ஆளுங்க இருக்காங்கல்ல?" என்று சொல்லி அவள்தான் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் விதமே தனி. யாராவது வந்து, "நல்லதா ஒண்ணு குடுங்க" என்றால் போதும். என்ன மாதிரி பிடிக்கும், யார் எழுதியது வேண்டும் என்றெல்லாம் கேட்கமாட்டாள். "நம்ம ஊர்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எது? அதச் சொல்லுங்க மொதல்ல," என்பாள். முதலில் ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு பழகிவிட்டது. லாரி மெக்கானிக் யோசித்து யோசித்து, மத்தியான வேளையில் பாலத்துக்கு அடியில் அடிக்கும் காற்று என்று சொன்னார். அவருக்குக் கடல் பயணக் கதை போனது. ஆயுசில் கடலையே பார்க்காத மனிதர், அதை இரண்டு தடவை படித்துவிட்டு வந்து, "பாலத்தடியில உக்காந்து படிச்சேங்க, அப்படியே கப்பல்ல இருந்த மாதிரி இருந்துச்சு," என்றார். ஊரின் எந்த மூலையில் நின்றாலும் மேட்டின் மேல் இருக்கும் தண்ணீர் டேங்க் தெரிவது பிடிக்கும் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். வழி தவறிப்போனவன் கதையைப் படித்தால்தான் டேங்கின் அருமை தெரியும் என்று பனிப் பிரதேசத்தை அவள் கையில் திணித்தாள் லைப்ரரியம்மா. பள்ளிக்கூடம் விட்டதும் தான் தைத்த யூனிஃபார்ம் எல்லாம் தெருவை அடைத்துக்கொண்டு வருவதைப் பார்ப்பதுதான் டெய்லருக்குச் சந்தோஷம். சட்டை வெளியே வந்து, பொத்தான் அறுந்து, களைத்துப்போய் வரும் அந்தக் கூட்டத்துக்குத் தோற்றுத் திரும்பிய படையை விட்டால் வேறு எது பொருந்தும்? சண்டை என்று வந்தால் இரண்டு பக்கமும் நியாயம் பேச ஆள் சேர்ந்துவிடும் ஊர் இது என்று பெருமைப்பட்ட முடிதிருத்துபவர் கோர்ட் நாடகத்தை வாங்கிப் போனார். கடையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பாதிச் சவரத்தில் அதை வாசித்துக் காட்டினார் என்று கேள்வி.

இவைதான் மேஜையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டை. அதில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும்.

ஊர்ப்பெருமை பேச ஆரம்பித்தால் லைப்ரரியம்மாவின் வாய்க்குப் பூட்டே கிடையாது. அவள் வீட்டுக்காரர் சொந்தமாக வேன் ஓட்டுகிறார், சாதுவான மனிதர். "இவ பேசறதக் கேட்டா, சூரியனே நம்ம ஊரு பஸ் டிப்போல இருந்துதான் கிளம்பிப் போகுதுன்னு நெனச்சுக்குவாங்க," என்பார். அவர்தான் விடிவதற்குள் புத்தகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வேன் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

ஆனால் இத்தனை பாடும் உண்மையில் ஒரே ஒருத்திக்காக. அது அவருக்குத் தெரியாது.

அவர்கள் பெண் இந்த நகரத்தில்தான் வேலை பார்க்கிறாள். கட்டட வரைபடம் போடும் ஆபீஸ். போன மழைக்காலத்தில், பெண் குளிரில் நடுங்குவாளே என்று ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள் லைப்ரரியம்மா. பெண் எங்கேயோ வெளி வேலையாகப் போயிருந்தாள். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அந்தப் பொண்ணோட அம்மாவா? அப்ப நீங்களும் இதே ஊர்தானே! எந்த ஏரியாம்மா?" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்தப் பொண்ணு சொல்லிருக்கே, பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான்னு," என்றார் அவர். அப்போதுதான் விளங்கியது. இல்லை என்று சொன்னால் பெண் பொய்க்காரியாகிவிடுவாள். ஊர்ப்பெருமையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத லைப்ரரியம்மா, வரும் வழியில் பஸ் போர்டில் பார்த்த ஏதோ ஓர் ஏரியாவின் பெயரைச் சொல்லித் தொலைத்தாள். கம்பளியைக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமலே திரும்பினாள்.

பெண் ஊரை மறைத்தது வலித்தது. தானும் கூடச் சேர்ந்து மறைத்தது அதைவிட வலித்தது. சின்ன வயதிலிருந்து நம் ஊர் நம் ஊர் என்று ஓதி ஓதித் தானே அவளுக்கு அலுத்துப்போகச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் இதை மட்டும் வைத்துக்கொண்டாள். பெண்ணிடம் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் பெருமை என்ன பெருமை? தானாக ஒருநாள் அவள் வாயிலிருந்து வர வேண்டும். அதற்காகத்தான் இந்த மேஜை. "ஆபீஸ் விட்டதும் ஒரு எட்டு வந்துட்டுப் போடி," என்று போனில் சொல்லியிருந்தாள். "பாக்கறேம்மா," என்றாள் பெண். அவர்கள் வீட்டில் பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

காலையில் கூட்டம் மேஜையைத் தாண்டித்தான் போனது. பிறகு ஒரு பெரியவர் நின்றார். அட்டையைப் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்துவிட்டு, "உங்க ஊர்ல கடல் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. காத்து இருக்கு."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள். பாலத்தின் தூண்கள் எப்படி நிற்கின்றன, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது, மெக்கானிக் எந்தக் கல்லில் சாய்ந்துகொள்வார் என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பெரியவரைச் சுற்றி நாலு பேர் சேர்ந்தார்கள். புத்தகத்தின் பெயரை போனில் குறித்துக்கொண்டு எதிர்வரிசைக் கடைகளில் தேடப் போனார்கள். போனவர்கள் இன்னும் சிலரை அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் பக்கத்து மேஜைக்காரரே எழுந்து வந்து, "அந்த டெய்லர் புக்கக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்," என்று வாங்கிப் போய்விட்டார். அவருடைய விஷமம் போன இடம் தெரியவில்லை. லைப்ரரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பெண் வந்தாள். தனியாக இல்லை. கூட ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒருத்தியும் கண்ணாடி போட்ட ஒரு பையனும். சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள்தான் இவளை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். பெண் வேறு பக்கம் பார்த்தபடியே அவர்களை அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். கண்ணாடிக்காரன் விடவில்லை. "ஏய், இங்க பாரு. பாலத்தடிக் காத்து, லாரி மெக்கானிக்னு போட்டு ஒரு கப்பல் புக்க வெச்சிருக்காங்க," என்று மேஜைக்கே வந்துவிட்டான்.

லைப்ரரியம்மா பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் மார்க் குறைந்து வரும்போது அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுமே, அதே முகம். பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

"வாங்கம்மா," என்றாள் பெண்ணைப் பார்த்து. "வாங்க. எடுத்துப் பாக்கலாம், தப்பில்ல."

பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அவளை வாங்க என்று கூப்பிட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்காரனுக்குப் பாலத்தையும் டேங்கையும் சொன்னாள் லைப்ரரியம்மா. குரல் எப்போதும்போல் கணீரென்றுதான் இருந்தது, கை மட்டும் ஆடவில்லை. "ஆன்ட்டி, எங்களுக்கும் புக் சொல்வீங்களா?" என்று கட்டைமுடிக்காரி கேட்டாள். அவளுக்குத் தன் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடி பிடிக்குமாம். அங்கே நின்றால் எதிர்வீட்டு டிவிகள் எல்லாம் தெரியுமாம், சத்தம் மட்டும் வராதாம். "அப்ப நீங்க ஊமைப்பட நடிகை ஒருத்தரோட வாழ்க்கையப் படிக்கணும்," என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள் லைப்ரரியம்மா. கட்டைமுடிக்காரி நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடுத்து நீ சொல்லு," என்று கண்ணாடிக்காரன் பெண்ணைப் பார்த்தான். "எங்களுக்கெல்லாம் பொழைக்க வந்த ஊரு. நீதான் இங்கயே பொறந்து வளந்தவ."

பெண் ஆபீஸ் அட்டையின் கயிற்றைத் திருகினாள். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவங்களுக்கு லேட்டாவுது போல. இன்னொரு நாளைக்கு வந்து சொல்லட்டும்," என்று ஏற்கெனவே நேராக இருந்த அட்டைகளை நேராக்கினாள்.

"ரயில்வே கேட்," என்றாள் பெண்.

"இந்த ஊர்ல ஏது கேட்டு? எல்லாம் மேம்பாலம்தானே."

"இந்த ஊர்ல இல்ல. எங்க ஊர்ல." பெண் நிமிர்ந்தாள். "நான் சொன்னது பொய். நான் இந்த ஊர் கெடையாது. மொத நாளு ஊர் பேரச் சொன்னேன், அது எங்க இருக்குன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. பதில் சொல்ல அலுப்பா இருந்துச்சு, அதான். எங்க ஊர்ல கேட் போட்டா எல்லாரும் வண்டிய ஆஃப் பண்ணிடுவாங்க. லாரி, பஸ்ஸு, எங்கப்பா வேன், எல்லாம். யாரும் சொல்லிக்குடுக்கல, சின்னதுல இருந்து அப்படித்தான். ரயில் போய் முடியற வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டாங்க. தண்டவாளம் மட்டும் லேசா அதிரும். எங்கம்மா வாய மூடிட்டு இருக்கிற ஒரே இடம் அதுதான்." மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "இவங்கதான்."

கட்டைமுடிக்காரி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்காரன் பெண்ணையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதானே பாத்தேன், மூக்கு அப்படியே இருக்கு," என்றான்.

"அம்மா, அதுக்கு ஏத்த மாதிரி புக் இருக்கா?" என்றாள் பெண்.

லைப்ரரியம்மா மேஜையைப் பார்த்தாள். கப்பலைத் தள்ளினாள், படையைத் தள்ளினாள். அடியில் இருந்த பெட்டியைக் கிளறினாள். வாழ்நாள் முழுக்கத் தினமும் அந்த கேட்டில் நின்றவள்தான். ஆனால் அது பிடிக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. "என்கிட்ட இல்லடி," என்றாள். கேட்டவருக்குப் புத்தகம் இல்லை என்று சொன்னதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கத்துக்கெல்லாம் இடமில்லாமல் அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. இன்னொரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவாள் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நெஜமாவே எல்லாரும் சும்மா நிப்பாங்களா? ஹாரன்கூட அடிக்க மாட்டாங்களா?" கண்ணாடிக்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அடிக்க மாட்டாங்க. கேட்டு எறங்கறதே மெதுவாத்தான் எறங்கும். இப்படி." பெண் வழிக்கு நடுவில் வந்து நின்று, வலது கையை மேலே தூக்கி, ஆடாமல் அசையாமல், மெல்ல மெல்ல இறக்கி, இரண்டு வரிசைகளுக்கும் குறுக்கே நீட்டினாள். கழுத்தில் மாட்டியிருந்த ஆபீஸ் அட்டை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

அந்த வழியாகக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. தலையில் புத்தகக் கட்டோடு வந்த சுமை தூக்குபவர் நின்றார். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வரிசை வந்து முட்டிக்கொண்டு நின்றது. என்ன விஷயம் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றாள் லைப்ரரியம்மா. பெண் கையை இன்னும் எடுக்கவில்லை.